மதுரை ரோட்டில் ஏறும் முன்: கேஷுவால்ட்டியில் அறிகுறியைப் பிடித்து உயிரைக் காப்பது

ராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 110 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வந்து சேரவே 55. ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் தொண்டியிலோ மண்டபத்திலோ சாயல்குடியிலோ ராத்திரி டியூட்டி பார்க்கும் டாக்டருக்கும் சிஸ்டருக்கும் அந்த முதல் ஒரு மணி நேரம் வேறு யாரும் கிடையாது. ஆபத்தான நோயாளி உள்ளே வந்ததும் பதற்றத்தில் எல்லோர் வாயிலும் வருவது "உடனே ரெஃபர் பண்ணிடலாம்" என்ற வார்த்தைதான். நானும் சொல்லியிருக்கிறேன். இங்கே சரிசெய்யாமல் அனுப்பிய மூச்சும் பிரஷரும் வழியில் தானாகச் சரியாவதில்லை. பெரும்பாலும் பரமக்குடிக்கு முன்னாலேயே மோசமாகிவிடும்.

புதிதாக டியூட்டிக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயின் பெயர் தெரிந்த பிறகு புரட்டிப் பார்க்கப் புத்தகங்கள் இருக்கின்றன. பெயர் தெரியாத முதல் பத்து நிமிடத்தில் நம் கண்ணில் படுவது அறிகுறி மட்டும்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை.

கூப்பிட்டால் பதில் இல்லை

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் கழுத்துத் துடிப்பில் விரலை வைத்துக்கொண்டே நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் தேடக்கூடாது. துடிப்பு இல்லை, அல்லது சந்தேகம் என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். அழுத்துகிறவர் களைத்தால் ஆழம் குறைந்துவிடும், அது அவருக்கே தெரியாது. அதனால் "நான் இன்னும் பண்ணுறேன் சார்" என்றாலும் மாற்றுங்கள். அட்ரினலின் 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. டிஃபிப்ரிலேட்டர் (மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) வந்த உடனே இதயத்தின் ரிதம் பாருங்கள், அதிர்ச்சி கொடுக்க வேண்டிய ரிதம் என்றால் காத்திருக்காதீர்கள்.

துடிப்பு இருக்கிறது, நினைவு மட்டும் இல்லை என்றால் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரை பாருங்கள். பக்கவாதம் என்று தூக்கி வரப்பட்டு, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏறியதும் எழுந்து உட்கார்ந்து "எங்க கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டவர்களைக் கேஷுவால்ட்டியில் வேலை பார்த்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். நோன்பு மாதத்திலும், சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படகேறும் ஆட்களிடமும் இது சகஜம்.

தண்ணீரிலிருந்து தூக்கி வந்தார்கள், வாயில் நுரை

மூழ்கியவருக்கு நின்றுபோனது முதலில் மூச்சு, அதற்குப் பிறகுதான் இதயம். ஆகவே இங்கே வரிசை மாறும். அம்பு பையால் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) ஐந்து மூச்சு கொடுத்துவிட்டுப் பிறகு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். வாயிலிருந்து வெள்ளையாகவோ ரோஸ் நிறத்திலோ நுரை பொங்கிப் பொங்கி வரும். அதை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் மூச்சு கொடுப்பேன் என்று சக்‌ஷனோடு போராட வேண்டாம். நுரை வந்துகொண்டேதான் இருக்கும், அதன் மேலேயே மாஸ்க்கை வைத்து அழுத்துங்கள்.

கரையில் யாராவது வயிற்றை அமுக்கியிருப்பார்கள், தலைகீழாகப் பிடித்திருப்பார்கள். பாசத்தில் செய்வதுதான், திட்டாதீர்கள். ஆனால் அமுக்கினால் வெளியே வருவது வயிற்றுத் தண்ணீர். அது மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் மிச்சம். கேஷுவால்ட்டிக்குள் அதைத் தொடர யாரையும் விடாதீர்கள்.

உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று கேட்பார்கள். வைத்தியம் ஒன்றுதான். இரண்டுமே நுரையீரலின் காற்றுப்பைகளை விரித்து வைத்திருக்கும் பூச்சைக் கெடுத்துவிடுகின்றன, பைகள் ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் ஆக்சிஜன் மட்டும் போதாமல் அழுத்தம் தேவைப்படுகிறது. நினைவோடு இருந்தால் சிபேப் மாஸ்க் (விடாமல் அழுத்தத்தோடு காற்று தரும் மாஸ்க்), இல்லையென்றால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டுக் கொஞ்சம் கூடுதல் பீப் (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்). அதிர்ச்சி கொடுக்கும் முன் நெஞ்சைத் துடைத்துக் காய வையுங்கள். படகு மோதியவர், தலைகுப்புறக் குதித்தவர் என்றால் கழுத்தை அசைக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நன்றாகப் பேசிக்கொண்டு, "ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போறேன்" என்கிறவரையும் குறைந்தது ஆறு மணி நேரம் வைத்துப் பாருங்கள். இருமலும் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறக்கமும் மெல்லத்தான் வரும்.

இமை தொங்குகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணி இருக்கும். வயிற்று வலி, இரண்டு முறை வாந்தி என்று ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். முப்பது வயது இருக்கலாம். வயிறு மெத்தென்று இருந்தது, காய்ச்சல் இல்லை. அல்சர் என்று நினைத்து ஊசி எழுதிவிட்டேன். ஊசி போடப் போன சிஸ்டர் திரும்பி வந்து, "டாக்டரம்மா, கண்ணைத் திறக்கவே சிரமப்படுறாங்க" என்றார். கணவர் பக்கத்திலிருந்து, "தூக்கக் கலக்கம்ங்க, ராத்திரி முழுக்க அவ தூங்கல" என்றார். எங்கே படுத்தீர்கள் என்று கேட்டேன். ஓலைக் கொட்டகையில், தரையில், பாய் போட்டு.

கட்டுவிரியன் கடிக்கு வலி இருக்காது, வீக்கம் இருக்காது. பல நேரம் பல் தடமே தெரியாது. தரையில் தூங்கிய மனிதர், விடியற்காலை வயிற்று வலி, கொஞ்ச நேரத்தில் இமை இறக்கம்: இந்த மூன்றும் சேர்ந்தால் தடத்தைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

அன்று அவரை ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். 22 வரை வந்தார். இருபது நிமிடம் கழித்து 14. அடுத்த முறை ஒன்பதோடு நின்றுவிட்டார், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை, எச்சில் வாயோரம் வழிந்தது. சாச்சுரேஷன் அப்போதும் 97. நான் சொல்ல வருவது இதுதான்: இந்த நோயாளியிடம் சாச்சுரேஷன் கடைசியில்தான் விழும். எண்ணிக்கையும் கழுத்தும்தான் முன்கூட்டிச் சொல்லும். எண்ணிக்கை இப்படி இறங்கும்போதே டியூப் போட ஏற்பாடு செய்துவிடுங்கள்.

விஷமுறிவு மருந்து பத்து குப்பி, சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில். குழந்தைக்கும் அதே பத்துதான், பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. டெஸ்ட் டோஸ் வேண்டாம், அது எதையும் சொல்லாது. பக்கத்திலேயே அட்ரினலினை சிரிஞ்சில் எடுத்து வையுங்கள். தடிப்போ இளைப்போ பிரஷர் இறக்கமோ வந்தால் தொடையில் 0.5 மில்லிகிராம், டிரிப்பை நிறுத்துங்கள், சரியானதும் மெதுவாகத் தொடங்குங்கள். அட்ரோபின் 0.6 மில்லிகிராமும் நியோஸ்டிக்மின் 1.5 மில்லிகிராமும் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். நல்ல பாம்பு என்றால் இமை தூக்கும், கட்டுவிரியன் என்றால் பெரும்பாலும் தூக்காது.

ரத்தம் கசிகிறது, கடித்த இடம் வீங்குகிறது என்றால் அது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் பக்கம். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்குப் புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாய்தான் வேண்டும். சோப்பில் கழுவிய குழாயும் பிளாஸ்டிக் குழாயும் உறைகிற ரத்தத்தையே உறையாதது மாதிரி காட்டிவிடும்.

இன்னொன்று. கட்டுவிரியன் கடித்தவர் முழுதாக முடங்கிவிட்டால் கண்மணிகூட அசையாது. வெளிச்சம் அடித்தாலும் சுருங்காது. மூளை போய்விட்டது என்று குடும்பத்திடம் சொல்லிவிடத் தோன்றும். தயவுசெய்து சொல்லாதீர்கள். அவருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். மூச்சை மட்டும் நாம் கொடுத்துக்கொண்டிருந்தால் சில நாளில் மீண்டுவிடுவார். வென்டிலேட்டர் இல்லையென்றால் அம்பு பையே போதும், அழுத்தக் கை மட்டும் தொடர்ந்து வேண்டும். மயக்க மருந்து கொடுங்கள், அவரிடம் பேசிக்கொண்டே வேலை செய்யுங்கள். அந்தப் பெண் ஆறாம் நாள் டியூபை எடுத்த பிறகு என் சிஸ்டரிடம் சொன்னது: "நீங்க 'பயப்படாதம்மா'ன்னு சொன்னது கேட்டுச்சு அக்கா."

எச்சில் வழிகிறது, கண்மணி ஊசிமுனை

பூச்சி மருந்து. மூச்சில் வாடையே சொல்லிவிடும். உடுப்பைக் கழற்றி உடம்பைக் கழுவுங்கள், கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். வயிற்றைக் கழுவ அவசரப்பட வேண்டாம், நெஞ்சு சளியில் மூழ்கிக்கொண்டிருக்கும்போது அது கொல்லும்.

அட்ரோபின் 0.6 மில்லிகிராம் ஆம்பூல் மூன்று, அதாவது 1.8, முதல் டோஸ். ஐந்து நிமிடத்தில் நெஞ்சைக் கேளுங்கள். இன்னும் கறகறவென்றால் இரட்டிப்பு: ஆறு ஆம்பூல், பிறகு பன்னிரண்டு. நெஞ்சு தெளிய வேண்டும், துடிப்பும் மேல் பிரஷரும் 80-க்கு மேல் நிற்க வேண்டும், அக்குள் காய வேண்டும். கண்மணி விரியக் கடைசியில்தான் விரியும், அதை நம்பி ஓட வேண்டாம். ஒவ்வொருமுறையும் ஒரே அளவைத் திருப்பித் திருப்பிப் போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. இரட்டிப்பாக்கத் தயங்கினால் நேரம் போய்விடும், நோயாளி தன் சளியிலேயே மூழ்கிவிடுவார். டியூட்டி தொடங்கும்போதே அட்ரோபின் எத்தனை இருக்கிறது என்று எண்ணி வையுங்கள்.

பிரஷர் இறங்குகிறது

மானிட்டரைப் பார்க்கும் முன் பாதத்தைத் தொடுங்கள், கழுத்து நரம்பைப் பாருங்கள்.

பாதம் சில்லென்று, கழுத்து நரம்பு தட்டையாக இருந்தால் ரத்தமோ தண்ணீரோ போயிருக்கிறது. ரத்தம் என்றால் போகும் இடத்தை அடையுங்கள். சலைன் அதற்கு மாற்று இல்லை, ரத்தத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு வயிற்று வலியும் மயக்கமும் என்றால் கர்ப்பச் சோதனை செய்யாமல் விடாதீர்கள்.

பாதம் வெதுவெதுப்பாக, துடிப்பு ஓடிக்கொண்டிருந்தால் தொற்றாக இருக்கலாம், ஒவ்வாமையாகவும் இருக்கலாம். ஒவ்வாமைக்குத் தொடையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம், ஐந்து நிமிடத்தில் மறுபடியும். ஹைட்ரோகார்ட்டிசோனும் ஏவிலும் அதற்குப் பிறகு. தொற்று என்றால் ரத்தக் கல்ச்சர் எடுத்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக். கிலோவுக்கு 30 மில்லி சலைன் என்பது கணக்கு. அதை மொத்தமாக ஓட்டிவிடாமல் 500 மில்லி போய் ஒருமுறை நுரையீரலின் அடிப்பகுதியைக் கேளுங்கள்.

அப்படியும் ஏறவில்லையென்றால் நார்அட்ரினலின். கழுத்தில் பெரிய லைன் போட வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள், வேண்டியதில்லை. முழங்கை அருகே ஒரு நல்ல வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றக் கையில் போடும் சிறு குழாய்) போதும், கை வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் சரி. 4 மில்லிகிராமை 50 மில்லியாக்கினால், 60 கிலோ மனிதருக்கு மணிக்கு 4.5 மில்லி என்பது கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். சராசரி அழுத்தம் 65 வரும்வரை ஏற்றுங்கள்.

பாதம் சில்லென்று, ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தால் நிதானியுங்கள். இதயம், இதயத்தைச் சுற்றிய நீர், நெஞ்சுக்கூட்டில் அடைத்த காற்று, நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி, இவற்றில் ஒன்று. ஈசிஜி எடுங்கள். 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் எஸ்டி தூக்கியிருந்தால் வலது நெஞ்சிலும் லீட் வைத்து எடுங்கள். மாரடைப்பில் இதயத்தின் வலது பக்கமும் அடிபட்டிருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பிரஷரை அடியோடு இறக்கிவிடும்.

மாரடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இங்கேயே போட வேண்டியது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ மேஜையில் ஏற்ற முடியாது என்று தெரிந்தால், வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் வந்தவர், தடை எதுவும் இல்லை என்றால், டெனெக்டிப்ளேஸோ 15 லட்சம் யூனிட் ஸ்ட்ரெப்டோகைனேஸோ அரை மணிக்குள் ஏறத் தொடங்க வேண்டும். "மதுரையில் போட்டுக்கொள்ளட்டும்" என்று அனுப்பினால் வழியெல்லாம் இதயத் தசை செத்துக்கொண்டே போகும்.

டியூப் போட்டாயிற்று, சாச்சுரேஷன் விழுகிறது

கை நடுங்கும் நேரம். ஒரே வரிசையில் போங்கள்.

வென்டிலேட்டரைக் கழற்றி அம்பு பையால் நீங்களே அழுத்துங்கள். எளிதாகப் போய் சாச்சுரேஷன் ஏறினால் கோளாறு கருவியில். ஆக்சிஜன் குழாய் கழன்றிருக்கும், சிலிண்டர் தீர்ந்திருக்கும்.

அழுத்தக் கடினமாக இருந்தால் சக்‌ஷன் கதீட்டரை டியூபுக்குள் விடுங்கள். போகவில்லையென்றால் நோயாளி கடிக்கிறார், அல்லது சளி அடைத்திருக்கிறது. உள்ளே போனால் டியூப் பல்வரிசையில் எத்தனையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆணுக்கு 23, பெண்ணுக்கு 21 சென்டிமீட்டர் அருகே இருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது நகராத டியூப் அபூர்வம். இடப்பக்கம் மட்டும் சத்தமில்லை, டியூப் 26-இல் இருக்கிறது என்றால் அந்த அளவு வரும்வரை மட்டும் வெளியே இழுங்கள். டியூப் இடத்தில்தான் இருக்கிறது, ஒரு பக்கம் சத்தமே இல்லை, பிரஷரும் விழுகிறது என்றால் நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்திருக்கிறது: எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் அந்தப் பக்க நெஞ்சில் ஊசி, பிறகு குழாய். ஆஸ்துமாக்காரர் என்றால் முதலில் டியூபைத் திறந்துவிட்டு நெஞ்சை இரு கையாலும் அமுக்கி, சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு அலை மானிட்டரில் வரவில்லையென்றால் டியூப் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டு மாஸ்க்கில் மூச்சு கொடுங்கள். நெஞ்சில் சத்தம் கேட்டமாதிரி இருந்தது என்று வாதாட வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால், பிரஷர் 80-இல் இருக்கும் நோயாளிக்கு அவசரமாக டியூப் போடாதீர்கள். சலைனும் நார்அட்ரினலினும் ஓடத் தொடங்கிய பிறகு, கேட்டமைனைப் பாதி அளவாக்கி, பிறகு போடுங்கள். மயக்க மருந்து ஏறிய மறுநிமிடம் இதயம் நிற்பதை ஒருமுறை பார்த்தால் மறக்காது.

உடம்பு கொதிக்கிறது, உளறுகிறார்

சித்திரை வைகாசியில் உப்பளத்திலிருந்தும் பனங்காட்டிலிருந்தும் வருவார்கள். ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல், பேச்சு குழறுகிறது என்றால் வெயில் அதிர்ச்சி. பாராசிட்டமால் இதில் வேலை செய்யாது. ஈரத்துணியும் மின்விசிறியும் போதாது.

நம் கரையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீன் ஏலக் கூடத்தில் சொன்னால் பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்து கொட்டுவார்கள். ஒரு தார்ப்பாயை விரித்து நோயாளியை நடுவில் படுக்க வைத்து, நான்கு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்க, தண்ணீரும் ஐஸும் ஊற்றி அலசுங்கள். தலையை மட்டும் ஒருவர் மேலே பிடிக்கட்டும். அரை மணிக்குள் 39-க்குக் கீழே வர வேண்டும். வந்ததும் வெளியே எடுங்கள். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றாலும் குளிர்வித்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

வலையில் வந்தது கடித்தது, குத்தியது

வலையைப் பிரிக்கும்போது கடல் பாம்பு கடித்தவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலி, தாடை இறுக்கம், கறுத்த சிறுநீர். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கு மட்டும்தான், கடல் பாம்புக்குக் கேட்காது. சலைன் கொடுத்துச் சிறுநீரை ஓட வையுங்கள். ஈசிஜியில் டி அலை கூர்ந்து உயர்ந்தால் பொட்டாசியம் ஏறிவிட்டது: கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி மெதுவாக, மாறவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும். டியூப் போட நேர்ந்தால் சக்சினைல்கோலின் (தசையைத் தளர்த்தும் ஊசி) தொடாதீர்கள், பொட்டாசியத்தை இன்னும் ஏற்றிவிடும்.

திருக்கை குத்திய காலைப் பொறுக்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரிக்கு மிகாமல், வலி அடங்கும்வரை வையுங்கள். சூட்டை அவருடைய நல்ல காலில் சோதித்துக்கொள்ளுங்கள். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ நின்றால் பிடுங்கக்கூடாது.

பேத்தை மீன் சாப்பிட்டு உதடு மரத்து, கைகால் தளர்ந்து வந்தால் மருந்து கிடையாது. மூச்சை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். கட்டுவிரியனுக்குச் சொன்னதுதான் இவருக்கும்: கண் அசையாவிட்டாலும் காது கேட்கும்.

வண்டி கிளம்பும் முன்

ஒருமுறை நாங்கள் அனுப்பிய வண்டியில் ஆக்சிஜன் சத்திரக்குடி தாண்டியதும் தீர்ந்துவிட்டது. கூடப் போன சிஸ்டர் வெறும் காற்றால் அம்பு அழுத்திக்கொண்டே பரமக்குடி வரை போனார். சிலிண்டரில் முள் இருந்தது, யாரும் கணக்குப் போடவில்லை. அதில் என் பங்கும் உண்டு.

கணக்கு எளிது. முழு பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம், 15 ஓடினால் 100. முள் பாதியில் நின்றால் இரண்டையும் பாதியாக்குங்கள். மதுரைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொண்டு, அதைவிட அரை மடங்கு கூடுதலாக ஏற்றுங்கள்.

டியூபை இரண்டு இடத்தில் கட்டுங்கள். வென்ஃப்ளான் இரண்டு. நார்அட்ரினலின் அடுத்த சிரிஞ்ச் தயாராக, பெயர் ஒட்டி. என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் மட்டும் போதாது, பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதிக் கூடப் போகிறவர் கையில் கொடுங்கள். மதுரையில் நோயாளியை ஏற்கப் போகும் டாக்டரிடம் நீங்களே போனில் பேசுங்கள்.

வழியில் துடிப்பு போனால் டிரைவரிடம் வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள். ஓடும் வண்டியில் நெஞ்சை ஒழுங்காக அழுத்த முடியாது, கூடப் போகிறவரும் விழுந்து அடிபடுவார். பரமக்குடியிலும் மானாமதுரையிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. அந்த இரண்டு கேஷுவால்ட்டியின் போன் எண்ணையும் அந்தத் தாளின் மேலேயே எழுதி அனுப்புங்கள்.